ஒன்றுக்கு ஐயாயிரம்

மாநகராட்சி ஆகிவிட்டோம்.
பெயர்ப்பலகைக்குப் புது பெயிண்ட் அடித்தாயிற்று.
முழுமைத் திட்டத்தின் வரைவு மட்டும்
ஒன்பது தாளாக ஒட்டப்பட்டு
என் மேசையில் கிடக்கிறது.

நகரமைப்புப் பிரிவில் நான் தற்காலிக வரைவாளர்,
ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்பளம் கிடையாது.
குடியிருப்புக்கு மஞ்சள், கடைகளுக்கு நீலம்.
ஊரணிக்கு வெளிர்நீலம்;
மேலே கல்யாண மண்டபம் வந்துவிட்ட ஊரணிக்கும்
பழைய புல எண் பார்த்து அதே வெளிர்நீலம்.

முத்துப்பட்டணத்தில் அளக்கப் போன வீடு
ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிந்தது.
முகப்பில் நின்று லேசரை அழுத்தினேன்,
பின்கட்டுச் சுவர் எட்டாமல்
கருவி "பிழை" என்றது.
அறை அறுபத்துமூன்று.
பங்காளிகள் நாற்பத்தொருவர்:
கோலாலம்பூர், அண்ணாநகர், நியூஜெர்சி,
இருவர் எங்கே என்று மற்றவர்க்குத் தெரியாது.
வழக்கு ஒன்று, மதுரைக் கிளையில்.
குடியிருப்போர் என்ற கட்டத்தில்
சாவி வைத்திருந்தவரைப் பார்த்து 1 என்று எழுதினேன்.

"நான் இங்க குடியில்லம்மா," என்றார் அடைக்கலம்,
"வேலைக்கு வர்றேன்.
குடி செஞ்சையில. ஒத்த ரூமு, வாடகை நாலாயிரம்."

1ஐ அடித்துவிட்டு 0 போட்டேன்.
மஞ்சள்.

வைரவன் நகர் அடுக்குமாடி, புறவழிச்சாலைக்கும் அப்பால்.
ஒரு மழைக்குப் பிறகு
ஊரணிக் கரையிலிருந்தவர்களை லாரியில் ஏற்றி
இங்கே கொண்டுவந்து இறக்கினார்கள்.
இருநூற்று எழுபது சதுர அடி, ஆறு பேர்.
அதுவும் மஞ்சள்தான், அதே டப்பா மஞ்சள்.
"அளந்தா கூடுமா?" என்று கேட்டார் செபஸ்தியம்மாள்.
ஓட்டலாகிவிட்ட ஒரு பெரிய வீட்டில்
வெள்ளைக்காரர்களின் படுக்கை விரிப்பு துவைக்கிறார்.
கரையிலிருந்தபோது வேலைக்கு ஏழு நிமிட நடை.
இப்போது கடைசி டவுன் பஸ் எட்டு நாற்பது,
ஓட்டலில் விருந்தாளி சாப்பிட்டு எழ பத்து.
பெண்களுக்குக் கட்டணமில்லை.
வராத பஸ்ஸிலும் கட்டணமில்லைதான்.
ஷேர் ஆட்டோ அறுபது ரூபாய்,
அதுவும் நாலு பேர் சேர்ந்தால்.

கருத்துக்கேட்புக் கூட்டம் புதன் மாலை.
மூன்று வகைப் பிஸ்கட், மைக் ஒன்று.
வர்த்தகர் சங்கம் பல அடுக்குக் கார் நிறுத்தம் கேட்டது.
மனை விற்பவர்கள் வயலுக்கு மஞ்சள் கேட்டார்கள்.
பாரம்பரியம் காக்க வந்த ஒருவர்
முகப்புகளுக்கு ஒரே நிறம் வேண்டுமென்று
இருபது நிமிடம் பேசினார்.
விடுப்பு போட்டு வந்திருந்த செபஸ்தியம்மாளுக்கு
டோக்கன் முப்பத்துநாலு.
இருபத்தெட்டு பேசிக்கொண்டிருக்கையில்
அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்,
பையை எடுத்தார்,
என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார்.
மணி எட்டு இருபத்தைந்து.

முப்பத்துநாலை மூன்று முறை அழைத்தார்கள்.
கூட்டக் குறிப்பில் ஏறியது:
ஆட்சேபணை ஏதுமில்லை.

படம் போட்டவள் ஆட்சேபிக்க விதியில்லை.
கணக்கு போட மட்டும் எனக்கு விதியுண்டு.
ஒன்றுக்கு ஐயாயிரம் என்பது எங்கள் அளவை.
பிளாட்டர் இழுக்கும் மெல்லிய கோடே
தரையில் ஒன்றரை மீட்டர் அகலம்.
நடைபாதையும் அவ்வளவுதான்.
அதனால்தான் எங்கள் படத்தில் நடைபாதை தெரிவதில்லை,
கோட்டுக்குள்ளேயே போய்விடுகிறது
நடப்பவர்களோடு.

பஸ் தடத்தின் புள்ளிக்கோடு
புறவழிச்சாலையில் நின்றுவிடுகிறது.
அங்கிருந்து வைரவன் நகருக்கு
விளக்கில்லாத ஒன்றேகால் கிலோமீட்டர்.
என் மேசையில் இருபத்தைந்து சென்டிமீட்டர்,
என் மகளின் ஸ்கேல் மிஞ்சும்.

நேற்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போனபோது
அந்த ஸ்கேலை வைத்தேன்.
புள்ளி, புள்ளி, புள்ளி,
பென்சிலில்தான்.
முனையில் ஒரு சிறு வட்டம்: நிறுத்தம்.
பக்கத்தில் இரவு 10.20 என்றும் எழுதினேன்,
நிலப்படத்தில் நேரம் எழுதும் வழக்கமில்லை.

உதவிப் பொறியாளர் வந்தார், குனிந்தார்,
கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.
"இது எந்த அரசாணைப்படி?"

"முப்பத்துநாலு," என்றேன்.

அவர் அலமாரியைத் திறந்து
தேடத் தொடங்கினார்.