பையின் எடை

மில்பர்ன் தெரு, நாற்பத்தேழாம் எண்.
பதினோரு வருடம் அந்த வீட்டுக்குத் தபால் கொடுத்தவன் நான்,
லூஷியஸ் டேரன்ட்.
பத்திரிகைக்காரர்கள் யாரும் என்னைக் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்,
தலைவருக்குப் பின்னால் பத்தாயிரம் பேரெல்லாம் இல்லை.
என் இடது தோளுக்குத் தெரியும்.
நல்ல மாதத்தில் முப்பது கடிதம்.
அதில் ஒன்பது கடன்காரர்களுடையது.

வெர்னன் ட்ரூரி,
யுத்தம் முழுக்க ஜார்ஜியாவில் ஒரு கிடங்கில்
கம்பளிக் கணக்கு எழுதியவர்.
கடல் தாண்டவில்லை.
நான் தாண்டினேன்.
நார்மண்டிச் சேற்றில் விளக்கணைத்து
இரவெல்லாம் லாரி ஓட்டினேன்,
முதுகுக்குப் பின்னால் டன் கணக்கில் பெட்ரோல்.
இவர் சட்டைக் கையில் சுற்றியிருந்தாரே, அந்தக் குறி,
அதை நான் முதலில் பார்த்தது
மெட்ஸ் நகருக்கு வெளியே கவிழ்ந்து கிடந்த வண்டியில்.
அதன்மேல் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

ஃப்ரிட்ஜ் விற்கும் வேலை போன வருடம்
வாசலில் கொடிக்கம்பம் நட்டார்.
அந்த நவம்பரில் மனைவி ஓர்லீன்
முகவரி மாற்றச் சீட்டை என் கையில் திணித்தாள்.
அயோவா. மூன்று பிள்ளைகளின் பெயரும் பென்சிலில்.
"அவரிடம் சொல்லாதீங்க."
சொல்லவில்லை.
சட்டமும் அதுதான்.

ரிஜிஸ்டர் தபாலுக்குக் கையெழுத்து வேண்டும்.
என் கையிலிருந்து பேனா வாங்க மாட்டார்.
படியில் வை, என்பார்.
வைப்பேன்.
குனிந்து எடுப்பார்.
எத்தனை முறை குனிந்தார் என்று
நான் எண்ணவில்லை என்றால் அது பொய்.

படை என்பது நாலு பையன்கள்.
ஞாயிறு காலை கொல்லையில் அணிவகுப்பு,
இடம் போதாமல் பத்தடிக்கு ஒருதரம் திரும்புவார்கள்.
ஒருவன் பசி பொறுக்காமல்
பக்கத்து வீட்டுத் திருமதி கொவால்ஸ்கியின்
தக்காளியைத் திருடித் தின்பான்.
தெருவே சிரித்தது.
நானும்தான்.

அறுபத்தாறு கோடையில் வீலர் தெரு சர்ச் எரிந்தது.
கூரை போயிற்று, மணி போயிற்று.
வேலியில் ஒட்டியிருந்த துண்டறிக்கை மட்டும் எரியவில்லை.
அந்தக் காகிதம் எனக்குத் தெரியும்,
அந்த மங்கிய ஊதா மையும்.
கட்டுக்கட்டாக, ஸ்டாம்ப் ஒட்டி,
அந்த வாசலிலிருந்து சுமந்து போனது என் பைதான்.
என் தங்கை அங்கே பியானோ வாசிப்பவள்.
அன்று அவளுக்குப் பல்வலி,
அதனால் இருக்கிறாள்.
அதன்பிறகு முப்பது கடிதம் என்று யாரிடமும்
சிரித்துச் சொன்னதில்லை.
முப்பது போதும்.

எழுபது ஜனவரி.
பையன்கள் கலைந்துவிட்டார்கள்.
கம்பத்தில் கொடி இல்லை, கயிறு மட்டும்
காற்றில் தட்டிக்கொண்டிருந்தது.
நெப்ராஸ்காவிலிருந்து அவர் அக்கா மாதாமாதம்
பத்து டாலர் மணியார்டர் அனுப்புவாள்.
அவர் காத்திருந்தது அதற்குத்தான்,
ஜன்னல் திரையை ஒரு விரலால் ஒதுக்கி.
ஒரு செவ்வாய் அந்த விரலைக் காணோம்.
புதன்கிழமை, செவ்வாயின் தபால் பெட்டியிலேயே இருந்தது.
பனியில் காலடி இல்லை.
புகைபோக்கியில் புகை இல்லை.

யுத்தத்தில் ஓட்டியவனுக்கு இதெல்லாம் சொல்லித்தர வேண்டாம்.
புதனன்றே தெரிந்துவிட்டது.
வியாழன் மதியம்தான் மருந்துக்கடையிலிருந்து போன் செய்தேன்.

சமையலறையில் பக்கவாதம் என்றார்கள்.
எப்போது என்று டாக்டர் சரியாகச் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.
அக்காவின் அடுத்த கடிதத்தில்
'பெறுபவர் இறந்தார்' என்று முத்திரை குத்தினேன்.
மை சரியாகப் பதியவில்லை.
இன்னொரு முறை குத்தினேன்.

ஓய்வு பெற்று வருடங்களாகிவிட்டன.
பையைத் திருப்பிக் கொடுத்தாயிற்று.
அந்தப் புதன்கிழமையை மட்டும்
எந்த முகவரியில் சேர்ப்பதென்று
இன்னும் தெரியவில்லை.