நெடில்

எடுத்த சதைத்துண்டு
ஒரு பயறளவுதான் என்றார் டொக்டர்.
முடிவு வர பன்னிரண்டு நாள் என்றார்.
பன்னிரண்டு நாளை எங்கே வைப்பது?
வெள்ளவத்தையில் என்னுடையது இரண்டு அறை வீடு,
குசினிக்கு ஒரே ஒரு யன்னல்.

ஒழுங்கைக்கு அப்பால் இன்னொரு தொடர்மாடி.
அதன் நான்காம் மாடிக் கொடியில்
ஒரு பச்சைத் துவாய்.
ஓரம் பிய்ந்தது. நடுவில் பிளீச் பட்டு
இலங்கைப் படம் போல ஒரு வெளுப்பு,
வடக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாய் இழுபட்டு.
முதல் நாள் விடிய
அது காற்றில் ஒருதரம் எழும்பி விழுந்தது,
சரி என்று சொல்லுகிற மாதிரி.
அவ்வளவுதான். நான் பிடித்துக்கொண்டேன்.

பாண் ஆட்டோ தன் தேய்ந்த மெட்டோடு
ஒழுங்கைக்குள் திரும்புமுன்
துவாய் கொடியில் ஏறிவிட்டால் நல்லது
என்று எனக்குள் ஒரு சட்டம்.
துணிக்கடையில் இருபத்தாறு வருஷம்
கணக்கு எழுதுகிறவள் நான்.
ஐந்து சதம் பிசகினாலும்
மேலிருந்து மறுபடி கூட்டுகிறவள்.
என் புத்தியைப் பார்த்து நானே சிரித்தேன்.
சிரித்துக்கொண்டே மணி பார்த்தேன்.

பிள்ளையாரிடமும் சொல்லித்தான் இருந்தது.
அவர் ஆறுதலாகப் பதில் சொல்லுகிறவர்.
செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடைக்குப் போய்
அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன்.
பக்கத்தில் முக்காடிட்ட ஒருத்தி
தன் திரி அணைய
என்னுடையதில் பற்றவைத்தாள், கேட்காமலே.
அதைக் கணக்கில் எடுத்துக்கொண்டேன்.
திரும்பும்போது பஸ்ஸில்
மிச்சக் காசு கேளாமல் கிடைத்ததை
எடுக்கவில்லை. எதற்கும் ஒரு அளவு வேண்டும்.

ஒன்பதாம் நாள் கொடி வெறுமை.
பாண் ஆட்டோ வந்தது, போனது.
ரயில் போனது. அது போன பிறகு
கொஞ்ச நேரம் கடல் கேட்டது.
எட்டு மணி.
கொடியில் ஒரு காகம், அதுவும் சும்மா.

வீட்டுச் செருப்போடு இறங்கிவிட்டேன்.
அங்கே லிஃப்ட் வேலை செய்வதில்லை.
அந்த மனிசி குளியலறையில் விழுந்து கிடக்கிறாளோ,
யாரும் இல்லையோ, கதவை உடைக்க
யாரைக் கூப்பிடுவது
என்று ஏறிக்கொண்டே போய்
மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றபோதுதான் தெரிந்தது,
இருபது நிமிஷமாக
அந்தப் பயறை நான் நினைக்கவேயில்லை.

கதவு திறந்தது.
என் வயசு. கையெல்லாம் மா.
பின்னால் வாளிக்குள் பச்சைத் துவாய் ஊறுகிறது.

ஏன் வந்தேன் என்று சொல்வது?
என்னிடமுள்ள சிங்களம்
பஸ்ஸுக்கும் சந்தைக்கும்தான் காணும்.
உப்பு கேட்கலாம். லுணு.
பதட்டத்தில் குறில் நெடிலாகிவிட்டது.
லூணு என்றேன்.
அவள் உள்ளே போய்
மூன்று வெங்காயம் கொண்டுவந்தாள்.

இரண்டு கையாலும் வாங்கினேன்.
வீட்டில் இரண்டு கிலோ கிடக்கிறது.
உப்பும்தான்.

சாப்பிட்டாயா என்று கேட்டாள்.
நான் தலையை எப்படி ஆட்டினேனோ,
இருக்கச் சொல்லி ரொட்டி சுட்டாள்.
அவளுடைய யன்னலால் பார்த்தால்
என் குசினி எவ்வளவு சின்னது!
லைட்டை அணைக்காமல் வந்திருக்கிறேன்.
அதைக் காட்டி நீளமாய் என்னவோ சொன்னாள்.
எனக்கு விளங்கியது ஒரே சொல்:
ஹெமதாம. எந்நாளும்.

பெயர் யசவதி.
என் பெயரைச் சொன்னேன், சுகிர்தா என்று.
அவள் வாயில் அது சுகீர்தா ஆனது.
திருத்தவில்லை.
வெங்காயக் கணக்கு நேராகிவிட்டது.

பன்னிரண்டாம் நாள் ஆஸ்பத்திரி கவுன்டரில்
துண்டுச்சீட்டைத் தேடிப் பையைக் கவிழ்க்க
ஒரு வெங்காயம் உருண்டு
கண்ணாடியில் முட்டி நின்றது.
இதை யார் வைத்தது? நானாகத்தான் இருக்கும்.
உள்ளேயிருந்த பிள்ளை அதைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள்,
வாயைப் பொத்திக்கொண்டு
கடித உறையை வெளியே தள்ளினாள்.

ஒட்டியபடியே இருக்கிறது உறை.
எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.