உலை கொதித்த தொகுதி

காம்பர்லி என்றொரு தொகுதி இருந்தது.
டெவன் சீமையில் ஒரு தேவாலயம், இரண்டு கம்பளி ஆலை,
பதினோரு மதுக்கடை.
லண்டனுக்கு இரண்டு உறுப்பினர்களை அனுப்பி வைத்தது.
அதன் ஏடுகள் இப்போது என் மேசையில்.
தூரிகையால் பூஞ்சை தட்டுகிறேன்,
தட்டும் சாக்கில் படிக்கிறேன்.
ஆவணக் காப்பகத்தில் எனக்குச் சம்பளம்
தட்டுவதற்கு மட்டும்தான்.

அங்கே ஓட்டுக்கு நிலம் வேண்டாம், பட்டம் வேண்டாம்.
சொந்த அடுப்பில் உலை வைக்கிறவன்
வாக்காளன்.
வைக்கிறவன் என்றுதான் எழுதியிருக்கிறார்கள்.

1784, ஏப்ரல், விடாத மழை.
ஜெத்ரோ பகெட், கம்பளி சீவுபவன்,
பீப்பாய்க்காரன் மாடியில் ஒண்டுக்குடித்தனம்.
அடுப்பே இல்லாதவனுக்கு ஓட்டா என்று
எதிரணி வக்கீல் ஆட்சேபித்தார்.
உடனே நடுத்தெருவில் மூன்று கல்.
தாம்சின் பகெட் ரொட்டிக்கடைக்கு ஓடி
மண்வாரியில் தணல் ஏந்தி வந்தாள்,
மேலங்கியைக் கழற்றி நெருப்புக்குப் போர்த்தி,
தான் நனைந்து.
இரண்டு டர்னிப், ஒரு பன்றி எலும்பு.
வக்கீல் குனிந்தார்:
இது கொதியா, வெறும் சூடா?
குமிழிகளை எண்ணினார்கள்.
நிஜமாகவே எண்ணினார்கள்;
‘பன்னிரண்டுக்கு மேல்’ என்று ஓரத்தில் குறிப்பு.
ஓட்டு செல்லும். ஐந்து கினி
கை மாறியது ஏட்டில் இல்லை,
மதுக்கடைக் கணக்கில் இருக்கிறது.

தாம்சின் என்ற பெயரைத்
தேவாலயத் திருமணப் பதிவில் தேடி எடுத்தேன்.
தேர்தல் ஏட்டில் அவள்
‘மனைவி, நெருப்புடன்’.

பிறகு வரிசையாக ஆறு தேர்தல்கள்:
போட்டியில்லை. போட்டியில்லை. போட்டியில்லை.
இரு பிரபுக்கள் ஒரு விருந்தில் கைகுலுக்கிவிட்டால்
ஊருக்கு அதுதான் பஞ்சம்.
கினி இல்லை, இலவச பீர் இல்லை,
கொதித்த பானையைச் சீண்டுவார் இல்லை.

1832இல் சீர்திருத்தம் வந்தது.
இனி பத்து பவுண்டு மதிப்புள்ள வீடு வேண்டும்.
பழைய உலைக்காரர்கள் சாகும்வரை
ஓட்டுப் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள்.
நூற்று நாற்பத்தொன்று. அறுபது. ஏழு.
கடைசியாக ஒபதையா லஸ்கம்,
எண்பத்தைந்து வயது, பாதிக் கண்.
ரகசிய வாக்குச்சீட்டு வந்துவிட்ட காலம்;
கிழவர் மறைப்பிலிருந்து வெளியே வந்து
யாருக்குப் போட்டேன் தெரியுமா என்று
சந்தைவரை கேட்கக் கத்தினார்.
பழக்கதோஷம்.
பணம் தர ஆளில்லை என்பதை
யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.

அப்புறம் இருவர் ஒருவரானார்.
சுற்றுக் கிராமங்களைச் சேர்த்து ஒட்டினார்கள்.
ஒருமுறை நான்கு ஓட்டில் ஜெயித்தவர்
ஐந்து வருடம் வாய் திறக்கவில்லை.

1918.
முப்பது நிறைந்த பெண்களுக்கு,
அதிலும் வீட்டு உரிமை பார்த்து, ஓட்டு.
அதே வருடம் அதே சட்டத்தில்
காம்பர்லி தொகுதி நீக்கம்.
எல்லைக்கோட்டை யாரோ ஸ்கேல் வைத்து இழுத்தபோது
ஊர் மிடில்ஃபோர்டுக்குள் விழுந்தது.
நூற்றாண்டுகளாக உலை வைத்தவர்கள்
காம்பர்லிக்கென்று ஓர் ஓட்டுகூடப் போடவில்லை.

டிசம்பர் மாத சனிக்கிழமை ஒன்றில்
ஹெஸ்டர் யோ, சலவைக்காரி, நாற்பத்து மூன்று,
பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனாள்.
சோடாவில் வெந்த விரல்களால்
பென்சில் பிடிக்க வரவில்லை.
சீட்டில் வேறு ஊர்ப் பெயர்.
தப்பான சீட்டு தந்துவிட்டீர்கள் என்றாள்.
இல்லை அம்மா, இதுதான் என்றார் அலுவலர்.
கொஞ்சம் நேரம் நின்றாள்.
போட்டாள். வெள்ளாவியில் துணி
கொதித்துக்கொண்டிருந்தது, போக வேண்டும்.

ஏட்டின் கடைசித் தாள்கள் வெற்று.
காகிதத்தை வீணாக்க மனமில்லாத யாரோ
கணக்கு எழுதியிருக்கிறார்கள்:
போர்வை நான்கு, மேசைவிரிப்பு இரண்டு,
பாக்கி ஒன்பது பென்ஸ்.
அந்தப் பக்கத்தில்
பூஞ்சையைத் தட்டாமல் விட்டிருக்கிறேன்.