சமமான இடம்

காலை ஆறரைக்கு, பள்ளிப் பேருந்தை எடுக்கும் முன்
ரெய்னோவைத் தொலைபேசியில் கூப்பிடுவேன்.
வணக்கமெல்லாம் கிடையாது.
நூற்று எழுபத்தொன்று, என்பார்.
சரி, என்பேன். வைத்துவிடுவோம்.

பவுண்டுக் கணக்கு அது.
இதயம் தளர்ந்தவர் உடம்பில் நீர் தேங்கும்;
ஓரிரவில் மூன்று பவுண்டு ஏறினால்
நர்ஸுக்குச் சொல்லியாக வேண்டும்.
ஏறிய நாட்களில் எண்ணைச் சற்று வேகமாகச் சொல்வார்.
மதியம் போய்க் குளிர்பெட்டியைத் திறந்தால்
உப்பில் ஊறிய ஹெர்ரிங் மீன், பாதி ஜாடி.
"பூனைக்கு வாங்கினேன்."
பூனை செத்து ஏழு வருஷம்.

டுலூத் நகருக்கு வடக்கே
ஏரிக்காற்று குறுக்கே எதுவுமின்றி வந்து மோதும் திருப்பத்தில்
முப்பத்தாறு வீடுகள், எல்லாவற்றுக்கும் அடியில் சக்கரம்.
வீடு அவருடையது. அது நிற்கும் மண் வேறு யாருடையதோ.
அந்த யாரோ, மண்ணை இன்னொரு யாரோவுக்கு விற்றுவிட்டார்.
முதல் கடிதத்தில் தரைவாடகை இரட்டிப்பு.
இரண்டாவதில், அக்டோபர் முடிவதற்குள் காலி.

நகரும் வீடு என்றுதானே பெயர் என்று
லாரிக்காரனைக் கூட்டிப்போனேன்.
மண்டியிட்டுப் பார்த்தான், டார்ச்சை அணைத்தான்.
"எழுபத்துநாலில் செய்தது அம்மா. அச்சு முழுக்கத் துரு.
தூக்கினால் ரொட்டி மாதிரி நடுவில் விட்டுவிடும்."
ரெய்னோவுக்குச் சிரிப்பு.
"ஐம்பது வருஷமாக என்னை ஏமாற்றியிருக்கிறது,
இதோ கிளம்புகிறேன், இதோ கிளம்புகிறேன் என்று."

வீட்டுவசதி அலுவலகத்தில் வரிசை எண் இருநூற்றுப் பன்னிரண்டு.
வருஷத்துக்கு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?
முப்பது, என்றாள் அந்தப் பெண், தன் நகங்களைப் பார்த்து.
எண்பத்தொன்றோடு ஏழைக் கூட்டிக்கொண்டிருந்தார் ரெய்னோ.
வாழ்நாளெல்லாம் கிரிபேஜ் ஆடியவருக்குக் கூட்டல் தப்பாது.

படிவத்தில்: உடன் வந்தவர், உறவுமுறை.
பேனா நின்றது.
தாதுத் துறைமுகத்தில் என் கணவனோடு வேலை பார்த்தவர்.
அவன் என்னை விட்டுப் போன வெள்ளிக்கிழமை
எதுவும் தெரியாதவர் போல வந்து சீட்டைக் கலைத்துப் போட்டவர்.
கட்டத்துக்குள் இதெல்லாம் கொள்ளாது.
"கடன்காரி என்று எழுது," என்றார்.
"இன்னும் நாற்பது டாலர் பாக்கி."

வாருங்கள் என்று சொல்ல ஒரு மாதம் ஆயிற்று.
ராத்திரியில் கொதிகலன் அணைந்து போகிறது,
தெரிந்தவர் ஒருவர் வீட்டில் இருந்தால் தேவலை, என்றேன்.
"போன வருஷம் மாட்டிய கொதிகலன். நான்தான் மாட்டினேன்."
வெகுநேரம் காற்று மட்டும் பேசியது.
"மாடிப்படி உண்டே உன் வீட்டில்."
"உங்களுக்குக் கிடையாது. உணவறை."
"அப்படியானால் எங்கே சாப்பிடுவாய்?"
அதைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

கடைசி நாளில்
ஜன்னலுக்கு ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் ஓரம் விட்டிருந்தது.
நாடா கேட்டார். ஒட்டினார். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தார்.
குளிர் உள்ளே வந்துவிடுமாம்.
திங்கட்கிழமை அந்த வீட்டை இடிக்கிறார்கள்.
நான் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று காலை தொலைபேசி தேவைப்படவில்லை.
எடைக்கருவியை என் சமையலறையில் வைத்தோம்.
நூற்று அறுபத்தேழு.
நேற்று நூற்று எழுபத்தொன்று.
"நாலு பவுண்டை அங்கேயே மறந்துவிட்டேன் போல."
தரைதான் சாய்வு. இருபது வருஷமாக இருக்கிறேன்,
எனக்கே இன்றுதான் தெரியும்.
அடுப்போரம் நூற்று எழுபது. கதவோரம் நூற்று அறுபத்தைந்து.
காலுறையோடு ஏறுகிறார், இறங்குகிறார்,
மூச்சு இரைக்கிறது, போதும் என்கிறேன்,
காலால் கருவியை இன்னும் கொஞ்சம் தள்ளுகிறார்.

பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
நர்ஸுக்கு எந்த எண்ணைச் சொல்ல?
"ஜன்னலோரம் பார்த்ததைப் போடு.
அங்கே நின்றால் ஏரி தெரிகிறது."

நாட்காட்டியில் எழுதினேன்.
பென்சிலால்.