வீட்டுக்குன்னா போதும்

செம்புதாஸ் தெருவில் ஆயிரத்து எண்ணூற்றைம்பது சொன்னார்.
பன்னிரண்டு வோல்ட்டு, ஒயரில்லாத டிரில்,
ஒரே ஒரு பேட்டரி,
பச்சைப் பெட்டிக்குள் பத்தொன்பது பிட்டு.
தாங்குமா என்று கேட்டேன்.
"வீட்டுக்குன்னா போதும்மா.
தொழிலுக்குன்னா வேற எடுக்கணும்."

பீச் ஸ்டேஷனில் ஏறி
பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.
பூங்கா தாண்டியதும் அந்தச் சொல் உறுத்தத் தொடங்கியது.
சாயம் போன புடவை: வீட்டுக்குன்னா போதும்.
வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு: போதும்.
நாளெல்லாம் கவுண்டரில் சிரித்துத் தீர்த்தபின்
மிச்சமிருக்கும் முகம்,
அதுவும்.
கிண்டியில் கூட்டம் ஏறி
என் யோசனையையும் நசுக்கியது.

ஞாயிற்றுக்கிழமை.
தயாபரன் கீழே முறத்தை ஏந்தி நின்றான்.
பிளைவுட்டில் வெண்ணெயாய் இறங்கியது.
செங்கல் சுவரில் முனகிக்கொண்டே இறங்கியது;
முறத்தில் மிளகாய்த்தூள் மாதிரி செம்மண்.
ஜன்னலுக்கு மேலே லிண்டலில்
ஒரு நகக்கண் ஆழம்.
அப்புறம் கருகல் வாடை,
ஒரு சிவப்பு விளக்கு,
மௌனம்.
சார்ஜ் ஏற ஒன்றரை மணி நேரம்.
திரைச்சீலை நான்கு நாள்
ஒரு பக்கக் கம்பியில் தொங்கியது,
எதிர்வீட்டார் பாதி எங்களைப் பார்த்தார்கள்.

எலெக்ட்ரீஷியன் சற்குணம் வந்தார்.
அவருடைய ஹேமர் மெஷின் போட்ட சத்தத்தில்
பெருங்களத்தூர் நாய்கள் முழுக்க எழுந்தன.
ஐந்து நிமிடம், முந்நூறு ரூபாய்.
ஸ்க்ரூ முடுக்க மட்டும்
என்னுடையதைக் கேட்டு வாங்கினார்.
"கை வலிக்கலையே, என்ன விலை?"
சொன்னேன்.
சொன்னதில் கொஞ்சம் பெருமை இருந்தது,
எனக்கே தெரிந்தது.

இரண்டு வருடத்தில் இருபத்தேழு ஓட்டை.
காலண்டர், கடிகாரம், கண்ணாடி,
குளியலறைக் கொக்கி, ரேஷன் பை மாட்ட ஒன்று,
தப்பான இடத்தில் போட்டு டூத்பேஸ்டால் அடைத்தவை ஆறு.
வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழிக்கப்போவது தனிக் கணக்கு.
ஒரு வீட்டுக்கு ஒரு வருடத்தில்
அவ்வளவுதான் துளை தேவைப்படுகிறது.
மற்ற நாளெல்லாம் அது
கட்டிலுக்கடியில் கிடந்தது, பழைய போர்வைகளோடு.

டிசம்பர் மழையில்
மாலை ஏழுக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள்.
பத்து மணிக்குக் கீழ்வீட்டில் இடுப்பளவு.
ஊறிப்போன கதவு திறக்கவில்லை.
உள்ளே ஷம்சுநிஷாவும் இரண்டு பிள்ளைகளும்
மேசைமேல் நின்றார்கள்.
சமையலறை ஜன்னலில், வெளிப்பக்கம் திருகிய கிரில்,
பதினாறு ஸ்க்ரூ, பாதி துரு.
சற்குணமும் வந்திருந்தார்,
ஹேமர் மெஷினைத் தோளில் சுமந்து,
ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டு.
செருகத்தான் இடமில்லை.
நான் ஸ்டூலில் ஏறினேன்.
மூன்று விளக்கில் இரண்டு எரிந்தது.
மூக்கிலிருந்த சின்ன பல்பு
ஒவ்வொரு ஸ்க்ரூவாகத் தேடிக் காட்டியது,
அந்தத் தெருவில் அப்போது அதுதான் வெளிச்சம்.
பதினாலாவதில் மூச்சு வாங்கியது.
பதினைந்து பாதியில் நின்றது.
மிச்சத்தைச் சற்குணம் கையாலேயே கழற்றினார்,
பல்லைக் கடித்துக்கொண்டு,
யாரையோ திட்டிக்கொண்டு.
முதலில் பூனை வந்தது.
அப்புறம் பிள்ளைகள்.
அவள் வரும்போது
குக்கரை விடாமல் பிடித்திருந்தாள்.

சார்ஜரை யார் எங்கே வைத்தார்களோ,
மூன்றாம் நாள் சேற்றில் கிடைத்தது.
பேட்டரி மட்டும் வாங்கினால் ஆயிரத்து இருநூறு.
மறுபடி செம்புதாஸ் தெரு.
அவருக்கு என்னை ஞாபகமில்லை.
"வீட்டுக்காம்மா, தொழிலுக்கா?"
கொஞ்ச நேரம் பதில் வரவில்லை.
பின்னால் நின்றவர் தொண்டையைச் செருமினார்.
வீட்டுக்குத்தான், என்றேன்.
ரெண்டு பேட்டரி இருக்கிறதாக் காட்டுங்க.