மெல்லிய தகரம்

செவ்வாய் இரவு சலைனாவில் கல்மழை.
ரயில் பாதைக்கு இந்தப் பக்கம் கோழிமுட்டை,
அந்தப் பக்கம் எலுமிச்சை.
ஆலங்கட்டியை யாரும் மில்லிமீட்டரில் சொல்வதில்லை,
உள்ளங்கையில் எடுத்துப் பார்த்ததைச் சொல்கிறார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் என் பெயரில் பதினேழு கூரைகள்.
இப்போது ஏணி வேண்டாம், முழங்கால் வேண்டாம்.
நாலு விசிறி, ஒரு கண்,
இருபத்தாறு நிமிடம் தாங்கும் பேட்டரி.
கான்சாஸ் காற்று மட்டும்
சுங்கச்சாவடிக்காரனைப் போல ஒவ்வொரு முறையும் மறிக்கும்.

ஒன்பதாவது வீடு லவோன் ஸ்டக்கியுடையது.
புல்வெளியில் நின்று நெற்றியில் கை வைத்து அண்ணாந்து பார்த்தார்.
"அது என் குளியலறைக்குள் எட்டிப் பார்க்குமா, ரோஸ்கோ?"
பார்க்காது என்றேன்.
"பார்த்தால் கஷ்டம் அதுக்குத்தான்."

மேலிருந்து பார்த்தால் வீடு வீடாக இருப்பதில்லை.
சாம்பல் நிறத்தில் இரண்டு சரிவு, நடுவே ஒரு முதுகெலும்பு.
தார் ஓடுகளில் மணல் உதிர்ந்திருந்தது.
மூன்று இடத்தில் ஆணி தலை தூக்கியிருந்தது.
வடக்கே கருங்கறை, தெற்கே வெயில் கடித்த விளிம்பு.
அடி விழுந்த தடமா, வயதா?
ஓட்டைக் கேட்டால் இரண்டுக்கும் தலையாட்டும்.
தகரத்தைக் கேள் என்பார்கள் எங்கள் தொழிலில்,
மெல்லிய தகரம் வாங்கிய அடியை மறைக்காது.
ஆனால் இங்கே
காற்றுக்குழாயிலிருந்து கூரை வாய்க்கால்வரை எல்லாம் பிளாஸ்டிக்.

'தேய்மானம்' என்று எழுத ஆரம்பித்துவிட்டேன்.
தேய்மானத்துக்குக் கம்பெனி காசு தராது.
விழுந்ததற்கு உண்டு,
இருந்ததற்கு இல்லை.

கடைசியாக ஒரு சுற்று, புகைபோக்கிக்குப் பின்னால்.
தெருவுக்கும் தெரியாது, பக்கத்து வீட்டு மாடிக்கும் தெரியாது,
செங்கல் மறைவில் ஓர் ஆள் உட்காரும் அளவு இடம்.
அங்கே காற்று அடித்துப் போகாதபடி கம்பியால் கட்டிய
ஒரு காபி டப்பா.
கல்மழை மூடியைப் பாதி நெம்பியிருந்தது.
உள்ளே, விளிம்புவரை,
சிகரெட் துண்டுகள்.

திரையைத் திருப்பிக் காட்டியிருக்கக் கூடாது.
காட்டிவிட்டேன்.

லவோன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டார்.
"டெல்பெர்ட்," என்றார், யாரையோ சாப்பிடக் கூப்பிடுவது போல.
"டாக்டர் சொன்ன அன்றே விட்டுவிட்டேன் என்று சத்தியம் பண்ணிய மனுஷன்.
சனிக்கிழமை தவறாமல் ஏணியோடு மேலே போவார்,
வாய்க்காலில் இலை அள்ளணுமாம்."
சுற்றிலும் பார்த்தார். நானும் பார்த்தேன்.
கோதுமை வயல். மின்கம்பம். கோதுமை வயல்.
"ஒரு மரம் கிடையாதே இங்கே," என்றார்.
"பதினோரு வருஷமாய் எந்த இலையை அள்ளினார்?
நான் ஏன் ஒரு நாளும் கேட்கவில்லை?"

காற்று கொஞ்சம் உதைத்தது. விசிறிகள் சமாளித்தன.

"இன்னும் கிட்டப் போ."

போனேன். பேட்டரியில் ஒன்பது நிமிடம்.
மூடி முழுக்கப் பழைய துரு, மாட்டுத்தோல் நிறம்.
துருவின் நடுவே துரு பெயர்ந்து
பளிச்சென்று ஏழு வட்டம், ஏழும் பள்ளம்,
ஒவ்வொன்றும் கோழிமுட்டை அகலம்.
செவ்வாய்க்கிழமைக்கு முன்னால் விழுந்திருக்க முடியாது.

எழுதியதை அழித்தேன்.
மெல்லிய உலோகம்: ஒன்று. புதிய பள்ளம்: ஏழு.
பொருள்: கொள்கலன்.
என்ன கொண்டது என்று கேட்கும் கட்டம் படிவத்தில் இல்லை.

"பணம் வந்துவிடும், மேடம். முழுக் கூரைக்கும்."
அது அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை.
"அதைக் கீழே கொண்டுவரச் சொல்."
"அதுக்குக் கை கிடையாது."
"அப்போ கூரை போட வரும் பையன்களிடம் சொல்,
அந்த இடத்தில் கை வைக்கக் கூடாது என்று."

படங்களைச் சேமித்து, பெட்டியை மூடி,
வண்டி வரை வந்துவிட்டேன்.
பின்னாலேயே வந்தார், வீட்டுச் செருப்போடு.

"இல்லை. கழற்றிக் கொண்டுவரட்டும்.
சிந்தாமல்.
நான் எண்ணிப் பார்க்கணும்."

பத்தாவது வீட்டில் நாய் இருந்தது.