மீதி

ஜெலுத்தோங்கில் கூ சோங் பெங்கிடம் வாங்கிய பழைய சாகா,
இரண்டாயிரத்து நானூறு வெள்ளி.
ஏர்கோன் நன்றாக இருக்கிறதென்றார். பொய்.
ரேடியோ குமிழ் உடைந்திருக்கிறதென்றார். மெய்.
ஒரே நிலையம்தான். இரவு பத்துக்கு மேல் ஸ்மூத் ஜாஸ்.
சத்தத்தை மட்டும் கூட்டலாம், குறைக்கலாம்.

முதல் மாதம் குறைத்தே வைத்திருந்தேன்.
ஹோட்டல் மாடியில் ஐஸ் கட்டியைச் சுழற்றிக்கொண்டு
மடிப்புக் கலையாத ஆட்கள் கேட்பது,
சர்க்யூட் பலகைக்கு மேல் எட்டு மணி நேரம்
குனிந்து வருகிறவளுக்கு எதற்கு?
பிறகு ஒருநாள் பாலத்தில் கண் செருகியது.
பயத்தில் கூட்டினேன்.

ஒவ்வொன்றாய் வந்தன, தெரிந்த முகங்கள்.
கொம்தார் லிஃப்டில் பதினேழாம் மாடிவரை கூட வந்தது.
புலாவ் திக்குஸ் பல் டாக்டரிடம்
வாயைப் பிளந்தபடி கேட்டது.
பேரங்காடி விளக்கணைக்கும் முன் விரட்டுவதற்குப் போடுவது.
நான் கேட்டதேயில்லை இவற்றை.
என் காதுதான் என்னைக் கேட்காமல்
எடுத்து வைத்திருக்கிறது.

நேற்று இரண்டாம் ஷிப்ட் முடிந்து
பதினொன்றே காலுக்குப் பாலம் ஏறினேன்.
மழை வருவதா வேண்டாமா என்று நின்றிருந்தது.
நாதஸ்வரத்துக்குத் தூரத்து உறவு மாதிரி ஒரு சாக்ஸபோன்.
இரண்டாவது நொடியே
என் இடது கை கியரை விட்டுவிட்டு
மடியில் சில்லறை தேடியது.

எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

தொண்ணூற்றெட்டு. ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியின் கீழே
பொதுத் தொலைபேசி.
ஆலையில் ஒரே வெள்ளிக்கிழமை
இருநூற்றுப் பன்னிரண்டு பேரை அனுப்பியிருந்தார்கள்.
இடுப்பில் யுவனேஷ், ஒன்றரை வயது.
அவன் கையில் இருபது காசுகள்.
வங்கியில் வீட்டுக்கடன் பிரிவு.
சீலா துங்கு என்பாள் ஒருத்தி, பதிவுக் குரலில்.
உடனே இது.

நாற்பது வினாடி. எண்ணியிருக்கிறேன்.
ஏறும், இன்னும் ஏறும்,
எங்கோ திரும்பப் போகும்,
திரும்பும் அந்த வளைவில் வெட்டுப்படும்.
சீலா துங்கு.
மறுபடி முதலிலிருந்து.
அவனிடம் ஒரு காசு வாங்கிப் போடுவேன்.
ஒருமுறை வாயில் போட்டுக்கொண்டான்,
விரல்விட்டு எடுத்தேன்,
எச்சிலோடு விழுங்கியது இயந்திரம்.
பதினாறாம் நாள் யாரோ எடுத்தார்கள்.
அதிகாரி சாப்பிடப் போயிருக்கிறார் என்றார்கள்.

வீடு போனது. அது வேறு கதை.

பாலத்தின் நடுவில், கம்பிவடங்கள் தாண்டும் இடத்தில்
நாற்பதாவது வினாடி வந்தது.
அடிக்குக் குனிவது போல் தோளைக் குறுக்கினேன்.

வெட்டவில்லை.

திரும்பியது.
அந்தப் பக்கம் ஒரு பியானோ
இத்தனை வருஷமும் அங்கேயே உட்கார்ந்திருந்தது போல.
பஸ்ஸில் எழுந்து இடம் கொடுக்கிறவரைப் போல்
சாக்ஸபோன் சற்றுத் தள்ளி நின்றது.
கீழே இருட்டில் இரண்டு மீன்படகு விளக்குகள்.
முதலில் வந்தது கோபம்தான்.
இதையா மறைத்தீர்கள்,
கையில் பிள்ளையோடு நின்றவளிடம்?

உண்மையைச் சொன்னால் மீதி அவ்வளவு பிரமாதமுமில்லை.
நடுவில் கொஞ்சம் இழுவை.
முடிக்கத் தெரியாமல் அப்படியே தேய்ந்து போகிறது.
ஆனாலும் தேயும்வரை
அறுபதுக்கு மேல் ஓட்டவில்லை நான்.
பின்னால் வந்தவன் விளக்கடித்துத் திட்டினான்.
அறிவிப்பாளர் பாட்டின் பெயரைச் சொன்னபோது
ஒரு கன்டெய்னர் லாரி தாண்டிப்போனது.

செபராங் ஜெயா. வாடகை வீட்டின் கேட்.
என்ஜினை நிறுத்திவிட்டு ஆஷ்டிரேயைத் துழாவினேன்,
கை இன்னும் தேடிக்கொண்டிருந்ததால்.
கூ விட்டுப்போன ஊக்கு, ஒரு மிட்டாய்த்தாள்,
பழைய இருபது காசு ஒன்று.

அதைப் போடுவதற்கு
இந்தத் தெருவில் இப்போது எதுவும் இல்லை.
யாரும் பார்க்கவில்லையென்று
வாயில் போட்டுப் பார்த்தேன்.
கொஞ்சம் உப்பு. கொஞ்சம் இரும்பு.